பச்சை விளக்கு சொன்ன பொய்

ததேயு வீட்டு நீச்சல்குளத்து ஓரத்தில் நின்று குதிகுதியென்று குதித்தான். இன்று அவனுக்கு ஆறாவது பிறந்தநாள். வராந்தாவில் பச்சை விளக்கு எரிந்தது.

பச்சை என்றால் நீந்தலாம். சிவப்பு என்றால் கூடாது. போன மாதம் குளோரின் அதிகமாகி ததேயுவின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்துவிட்டன. அதற்காகவே அக்கா ஜுசாராவும் அப்பாவும் அந்த விளக்கைச் செய்தார்கள். பம்ப் குழாய்க்குள் இருக்கும் சென்சார் தண்ணீரைச் சோதித்துச் சொல்லும். விளக்கு நிறம் மாறும்.

ஆனால் ஜுசாரா போனையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதில் சென்சார் காட்டும் குளோரின் அளவு காலையிலிருந்து அசையவே இல்லை. மூக்கிலோ நெடி ஏறியது.

"அப்பா, குளோரின் போட்டீங்களா?"

"போட்டேனே! கூட்டம் ஜாஸ்தில்ல, ஒரு டப்பா கூடவே போட்டேன்" என்றார் அப்பா, தணலில் இறைச்சிக் கம்பியைத் திருப்பியபடி.

"பம்ப் சத்தமே கேக்கலையே?"

"பாட்டு கேக்கணும்னு அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்."

ஜுசாராவுக்குப் பகீரென்றது. பம்ப் ஓடாவிட்டால் குழாயில் பழைய தண்ணீர்தான் நிற்கும். சென்சார் அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது!

எல்லோரிடமும் அவள் பெருமையடித்த விளக்கு அது. இப்போது எப்படிச் சொல்வது? அதற்குள் ததேயு கால் விரலை நீட்டிவிட்டான்.

"குதிக்காதே! என் விளக்கு பொய் சொல்லுது!"

பாட்டு நின்றது. பெரியப்பா மகன் வாண்டர்லேய் கைகொட்டிச் சிரித்தான். "விளக்கு பச்சை காட்டுது, இவ மூஞ்சிதான் சிவப்பு காட்டுது!"

ஜுசாரா ஓடிப்போய் பம்ப்பைப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. சட்டென்று விளக்கு சிவந்தது.

வாண்டர்லேய் தண்ணீரிலிருந்து ஓரடி பின்வாங்கினான். அப்பா தலையில் கைவைத்தார். "கடவுளே, என் புள்ளை கண்ணு!"

அதன்பிறகு தோட்டத்துக் குழாயைப் பிடித்து ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டு ஒரே கும்மாளம். சாக்லேட் உருண்டைகள் காலியாகின. நடுவில் ஜுசாரா கணினியில் ஒரு மாற்றம் செய்தாள். இனி பம்ப் ஓடாவிட்டால் விளக்கே எரியாது.

வெயிலில் குளோரின் மெல்லக் குறைந்து, பொழுது சாய்ந்தபோது விளக்கு பச்சையானது. எல்லோரும் குளத்துக்கு ஓடினார்கள். ததேயு மட்டும் ஓரத்தில் நின்றான். விளக்கை அவன் பார்க்கவே இல்லை.

"அக்கா, நீ சொல்லு. குதிக்கட்டுமா?"