பின்பக்க இடது மூலை

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி எஸ்டேட் பாதையில் காசிராஜன் பைக்கை இறக்கியபோது மணி பதினொன்று. அதுவரை முதுகில் சுட்ட வெயில், ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் காணாமல் போயிற்று. ஈர மண்ணும் பச்சை ஏலக்காயும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பாதை முடிகிற இடத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி, தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் அருள்பாண்டி நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான்.

"வாங்கண்ணே. பாதை ரொம்பக் குலுக்கிருச்சா?"

"குலுக்குறதுதானே தம்பி நம்ம சோலி" என்று தோள்பையைத் தட்டிக் காட்டினார் காசிராஜன்.

போடியில் அவருக்குக் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை. எதை மாட்டினாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஸ்க்ரூடிரைவரிடம் சொல்வார்.

உள்ளறையில் அது நின்றது. ஒரு ஜீப் சீட்டு, அதன் முன்னால் ஸ்டீயரிங், கீழே மூன்று பெடல், எதிரே பெரிய டிவி. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டுக்கான செட்டப். கோயம்புத்தூர் மச்சினன் வெளிநாடு போகும்போது விட்டுப் போன சாமான்களை வைத்து அருள்பாண்டியே கட்டியிருந்தான். அடிச்சட்டம் முழுக்கக் கனத்த இரும்பு. சீட்டுக்குப் பின்னால் வளைந்த பச்சைத் தகரம்.

"இது ஏதுப்பா இரும்பு, இம்புட்டு உறுதியா?"

"பழைய ஜீப்புண்ணே. இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணுனது." அவன் துணியை எடுத்துத் திரையைத் துடைக்கத் தொடங்கினான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விபத்து. அதன் பிறகு அருள்பாண்டி வண்டியைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை உதறுகிறது. திங்கட்கிழமை காலை எஸ்டேட் ஜீப்பில் பதினோரு பெண்களை ஏற்றி வர வேண்டும். ஓட்டிக் காட்டினால் வேலை உண்டு என்று எஸ்டேட் முதலாளி சொல்லியிருந்தார். இல்லையென்றால் இந்த வீட்டை வேறு டிரைவருக்கு விட்டுவிட்டு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவர்கள் இருவரும் முன்னேற்பாடாகச் சிலமலைக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஆறு மாசமா இதுல ஓட்டுறேன். கண்ணுக்கு ரோடு தெரியுது, உடம்பு நம்ப மாட்டேங்குது. ஜீப்பு ஓட்டுறது கண்ணாலயா? குண்டியாலண்ணே. சக்கரம் வழுக்குறது அங்கதான் மொதல்ல தெரியும்."

காசிராஜனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் நான்கு இரும்பு வட்டுகளை எடுத்து வைத்தார்.

"சரியான ஆளுதான் நீ. இதுக்குப் பேரு ஷேக்கரு. ஸ்பீக்கர்ல ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு பேப்பர் கூம்பு இருக்கும்ல? கூம்பு காத்தை ஆட்டும், நமக்குச் சத்தம் கேக்கும். கூம்பை எடுத்துட்டு அந்த எடத்துல கனமான இரும்பு வச்சா இதுதான். காத்தை ஆட்டாது. எதுல முடுக்கி வைக்கிறோமோ அதை ஆட்டும். விளையாட்டுக்குள்ள எந்தச் சக்கரம் குழியில விழுகுதோ, அந்த மூலையில இருக்கறது மட்டும் உதறும்."

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்பக்க இடது மூலைக்குரியதைப் பச்சைத் தகரத்தில் துளையிட்டு மாட்டினார். அதிர்வு தரையில் கசிந்து போகாமலிருக்கச் சட்டத்தின் கால்களுக்கு அடியில் ரப்பர் கட்டை. ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக உதறவிட்டுப் பார்த்தார். நான்கும் சுத்தம்.

மதியம் இரண்டரைக்கு மலை இறங்கி வந்தது மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே ஏலச்செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. லைட்டைப் போட்டார்கள். அருள்பாண்டி சீட்டில் உட்கார்ந்து திரையில் ஒரு மலைப்பாதையை எடுத்தான். வண்டி நகர்ந்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"அண்ணே... ரோடு வந்துருச்சுண்ணே!"

கை உதறவில்லை. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. காசிராஜன் சிரித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வளைவில் வண்டி இடது பக்கம் திரும்பும்போது, சீட்டுக்குப் பின்னால், டொம் என்று ஒரு சத்தம்.

அருள்பாண்டியின் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"கல்லுல ஏறிருப்ப" என்றார் காசிராஜன்.

"கல்லு இல்லண்ணே." அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

காசிராஜன் தன் லேப்டாப்பில் நான்கு மூலைகளுக்கும் போகிற சிக்னலைப் பார்த்தார். அந்த நொடியில் பின்பக்க இடது மூலைக்கு எதுவும் போகவில்லை. கோடு படுத்திருந்தது. சரி, ஒயரில் கோளாறு. இடது ஒயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிச் செருகினார். கோளாறு ஒயரில் இருந்தால் சத்தமும் இடம் மாற வேண்டும். அதுதான் கணக்கு.

மறுபடி ஓட்டினான். அதே வளைவு.

டொம்.

அதே இடது மூலையில்.

காசிராஜன் ஷேக்கர்களை ஓட்டுகிற ஆம்ப்ளிபையரின் கரண்டையே பிடுங்கினார். "இப்ப ஓட்டு. பொணம் மாதிரிதான் கெடக்கும் பாரு." சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமென்று தோன்றியது.

எந்த மூலையும் உதறவில்லை. அறையில் பெடல் மிதிபடும் ஓசை மட்டும். முதல் வளைவு. இரண்டாவது.

டொம்.

அருள்பாண்டி சீட்டிலிருந்து குதித்து இறங்கிச் சுவரோரம் போய் நின்றான்.

காசிராஜனுக்கும் பயம்தான். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரியாமலே விட்டுவிட்டுப் போவது அவருக்கு அதைவிடக் கஷ்டம். அவசரமாகப் பேசினார், பேச்சை நிறுத்தினால் அறையின் அமைதி கேட்டுவிடும் என்பதுபோல.

"இந்தா பாரு தம்பி, இந்தச் சாமான் ரெண்டு வழியிலயும் வேல செய்யும். கரண்டு குடுத்தா ஆடும். நாம ஆட்டுனா கரண்டு குடுக்கும். டைனமோ மாதிரி. இதை மைக்கு மாதிரி மாட்டுனா தகரத்தை ஆட்டுறது என்னன்னு தெரிஞ்சுரும். எலியா இருக்கும்."

பின்பக்க இடது ஷேக்கரின் ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் இணைத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. அருள்பாண்டி கடைசியாக ஓட்டியதை டிவியில் ரீப்ளே போட்டுவிட்டு, இருவரும் வாசற்படி வரை பின்வாங்கினார்கள். சீட்டு காலி. சட்டத்தின் மேல் யாரும் இல்லை.

கோடு மெல்ல மேலே ஏறியது. மெல்ல இறங்கியது.

டிவியில் வண்டி வலது பக்கம் திரும்பியது. கோடு ஏறியது. இடது பக்கம் திரும்பியது. கோடு இறங்கியது.

எலி அப்படி ஆடாது. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் வளைவுக்கு வளைவு அப்படிச் சாய்ந்து நிமிர்வார்.

வெற்றிலை வாடை அடித்தது.

மூன்றாவது வளைவு வந்தது. கோடு திரையின் உச்சிவரை பாய்ந்தது.

டொம்.

"ஜக்கம்மாக்கா" என்றான் அருள்பாண்டி, மூச்சுக்குள்.

"யாரது?"

"இந்தத் தகரம்... ஆக்சிடென்ட் ஆன அந்த ஜீப்பு தகரம்ணே. நல்ல இரும்பாச்சேன்னு வெட்டி எடுத்தேன். தோட்ட வேலைக்கு வர்றப்ப ஜக்கம்மாக்கா அந்த மூலைலதான் எப்பவும் உக்காரும்."

பின்னால் உட்காருகிறவர்கள் தகரத்தைத் தட்டித்தான் டிரைவருக்குச் சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். இந்த மலையில் ஜீப் ஏறின எல்லோருக்கும் இது தெரியும், காசிராஜனுக்கும் தெரியும்.

"அன்னைக்கு ஒத்தத் தட்டு தட்டுச்சுண்ணே. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. வெத்தலை துப்பத்தான் நிப்பாட்டச் சொல்லுதுன்னு நெனச்சேன். நேரமாச்சுன்னு வெரசா அமுக்கிட்டேன். பின்கதவுக் கொக்கி கழண்டுருக்கு, அதைச் சொல்லத்தான் தட்டிருக்கு. அடுத்த வளைவுல கதவு தொறந்து, அது மட்டும்... நான் பதறிப்போய் பாறையில விட்டேன். எனக்குக் கால் போச்சு. அதுக்கு உசுரே போச்சு."

"போலீசுல என்ன சொன்ன?"

"யாரும் தட்டல, அது தூங்கி விழுந்துருச்சுன்னு. மத்த பொம்பளைக எல்லாம் கண்ணசந்துதான் இருந்தாளுக. நம்பிட்டாக."

தகரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது.

காசிராஜன் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குச் சொந்தக்காரங்க?"

"ஒரே மக. சூர்யகலா. போடியில ஏலக்காய் பொறுக்குற கடைல இருக்கா." சற்று நின்று, "நீங்க கீழதானே போறீங்க... நீங்களே சொல்லிருங்களேன்."

டொம்.

இம்முறை ஷேக்கர் மாட்டிய மூலையில் அல்ல. தகரத்தின் நடுவில். தகரம் குழிந்து மீண்டதைக் காசிராஜன் கண்ணால் பார்த்தார்.

"நான் சொல்லக் கூடாது போலிருக்கேப்பா" என்றார்.

அருள்பாண்டி இரண்டு கையையும் கூப்பினான். "நானே வர்றேன்க்கா. இன்னைக்கே சொல்லிர்றேன்."

டொம். டொம்.

போகலாம்.

ஷேக்கர்களைக் கழற்றக்கூட நிற்கவில்லை. மூடுபனிக்குள் பைக்கைக் கிளப்பினார்கள். காசிராஜன் ஓட்ட, அருள்பாண்டி பின்னால். போடிமெட்டு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே காசிராஜனுக்கு உறுத்தியது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின் ஸ்பிரிங் அடிவரை போய் இடித்தது. இரண்டு பேருக்கு அப்படி இடிக்காது. அந்த ஸ்பிரிங்கை அவரே போன மாதம் மாற்றினார். அது எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

"தம்பி, தள்ளி உக்காந்துருக்கியா?"

"நான் ஒட்டித்தாண்ணே உக்காந்துருக்கேன். பின்னால எடம் இல்ல."

காசிராஜன் பைக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு ஓட்டினார்.

போடி வந்தபோது ஆறு மணி. ஏலக்காய்க் கடையில் வேலை முடிந்து பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். சூர்யகலா ஒல்லியான பெண், இருபது வயதிருக்கும். சேலைத் தலைப்பில் ஒட்டிய ஏலத்தோலைத் தட்டிக்கொண்டு வந்தவள், அருள்பாண்டியைப் பார்த்து நின்றாள்.

அவன் எதையும் சுற்றிவளைக்கவில்லை. தட்டியது, கேட்டது, நிறுத்தாதது, பொய் சொன்னது, எல்லாவற்றையும் நின்றபடி சொல்லி முடித்தான்.

"அப்ப எங்கம்மா தூங்கலையா?"

"இல்லத்தா. அதுமட்டுந்தான் முழிச்சிருந்துச்சு."

"ரெண்டு வருசம்ணே. நான் கொட்டாவி விட்டாப் போதும், 'ஆத்தா மாதிரியே தூங்கிச் சாகப் போறா பாரு'ன்னு உள்ள அம்புட்டுப் பேரும் சிரிப்பாளுக. நானும் சேந்து சிரிச்சிருக்கேன். எங்கம்மாவ நெனச்சு நானே சிரிச்சிருக்கேன்."

அருள்பாண்டி தலை குனிந்தான். "திங்கக்கெழம பதினோரு பேரை ஏத்தி வரச் சொல்லிருக்காக, நான் வண்டி எடுக்கலத்தா. முதலாளிகிட்டச் சொல்லிட்டு வீட்டக் காலி பண்ணிர்றேன்."

"எதுக்கு? ஓடி ஒளியவா?" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "எடு. ஆனா ஏறுற பதினோரு பேர்கிட்டயும் மொதல்ல இதைச் சொல்லு. கேட்டதுக்கு அப்புறமும் ஏறுனாளுகன்னா ஓட்டு. இல்லன்னா நடந்து போ."

"சொல்றேன்" என்றான் அவன். கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பஸ்ஸ்டாண்டை நோக்கிக் காலை இழுத்து நடந்தான். சூர்யகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தெருவுக்குள் போனாள்.

காசிராஜனுக்கு நெஞ்சு லேசாயிற்று. சேர வேண்டிய சொல் சேர்ந்துவிட்டது. இனி யாருக்கும் எதையும் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பைக்கின் ஸ்டாண்டைத் தள்ளினார்.

பின் ஸ்பிரிங் இன்னும் அழுந்தித்தான் இருந்தது.

குனிந்து பார்த்தார். டயரில் காற்று சரியாக இருந்தது. ஸ்பிரிங்கில் எதுவும் சிக்கவில்லை. சீட்டை உள்ளங்கையால் தொடப் போனவர், வெற்றிலை வாடை அடிக்கவும், தொடவில்லை.

அதில் ஏறி உட்கார மனம் வரவில்லை. தெருவெல்லாம் தள்ளிக்கொண்டே நடந்தார். கடைகளில் லைட்டு எரிந்தது, ஜனங்கள் போனார்கள் வந்தார்கள், யாரும் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. வேகத்தடையில் ஏற்றும்போது, ஓர் ஆளை உட்கார வைத்துத் தள்ளுகிற அளவுக்கு மூச்சு வாங்கியது.

வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே அவர் மனைவி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

பின் ஸ்பிரிங், ஒருவர் இறங்கிக்கொண்டதுபோல், மெல்ல நிமிர்ந்தது.