வஞ்சிரம் என்ன சாப்பிட்டது?

"இன்னைக்கும் காலி மேடம்... முப்பது வயித்துல இருபத்தாறு காலி. இந்த சீசன்ல வஞ்சிரம் சரியா சாப்பிடவே இல்ல. திங்கட்கிழமை அப்படியே எழுதிக் குடுத்துடறேன்!"

கோவளம் கடற்கரையில், மீன் வெட்டும் கொட்டகையின் தகரத்தில் மழை தடதடக்க, பேராசிரியையிடம் போனில் கத்திக்கொண்டிருந்தாள் சிநேகா. வஞ்சிரம் எதைத் தின்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தன் ஊரான கருங்குழியிலிருந்து தினமும் வந்து, மீன் வெட்டும் பெண்களிடம் இரைப்பைகளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

திரும்பினாள். நனைந்த பனியன், தோளில் வலை, மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே... அப்பா, என்ன கண்கள்!

"என்ன சிரிப்பு?"

"பட்டினி கெடக்கற மீனா இம்மாங் கொழுப்பா கீது? வலையில மாட்டிகினா துன்னதெல்லாம் கக்கிடுங்க. அதான் காலி."

"நீங்க எத்தனை வயித்தப் பிரிச்சுப் பாத்திருக்கீங்க?"

"வயித்தப் பாக்கலீங்க. கக்கறத தெனம் பாக்கறேன்."

கொட்டகையே சிரித்தது. சிநேகாவுக்குக் காது சுட்டது.

"மீன் புடிக்கறவங்களுக்கே எல்லாம் தெரியும்னா நாங்க எதுக்குப் படிக்கணும்?"

அவன் முகம் சுருங்கியது. வலையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். "ஜெரோமு, நாஸ்தா துன்னுட்டுப் போடா!" என்று ஒருத்தி கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில், தான் சொன்ன வார்த்தை அவளையே குத்தியது. 'நாத்து நடறவளுக்கு இன்னா தெரியும்?' என்று ஊரில் அம்மா ஞானம்மாளைக் கேட்டவர்கள் உண்டு. அந்த அம்மாவின் மகளா இப்படிப் பேசினாள்?

மறுநாள் எல்லோர் முன்னாலும் அவனிடம் போய் நின்றாள்.

"நேத்து நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க. என்னை போட்ல கூட்டிட்டுப் போவீங்களா? கண்ணால பாக்கணும்."

அவன் அவளையே பார்த்தான். "வாந்தி வருமே..."

"எனக்கா, மீனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்!"

சனிக்கிழமை விடியலில், ஜெரோமும் அவன் அண்ணனும் வலையை இழுத்தார்கள். பளபளவென்று முதல் வஞ்சிரம் படகில் விழுந்தது. துள்ளியது... வாயைத் திறந்தது... பாதி செரித்த நெத்திலி கொத்தாக அவள் பாதத்தில் கொட்டியது!

"ஜெரோம்! நெத்திலி! நெத்திலி துன்னுருக்கு!" படித்த தமிழெல்லாம் பறந்துவிட்டது. இரண்டு கையாலும் அள்ளி டப்பாவில் போட்டாள். படகு சாய்ந்தபோது அவன் கை அவள் தோளைப் பிடித்தது... உடனே கூச்சத்தோடு விலகியது.

கரைக்கு வந்ததும் நோட்டில் எழுதி அவனிடம் நீட்டினாள். 'காலி வயிறு பட்டினியின் அடையாளம் அல்ல. இதைக் கவனித்துச் சொன்னவர்: ஜெரோம், மீனவர், கோவளம்.'

அவன் இரண்டு முறை படித்தான். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

"அப்ப உங்க வேல முடிஞ்சிட்ச்சி. இனிமே வரமாட்டீங்க... இல்ல?"

"மீனுக்காக வரமாட்டேன்."

அவன் நிமிர்ந்தான். சிநேகா பார்வையைத் தாழ்த்தவில்லை.

"உங்களப் பாக்க வருவேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு ஜெரோம்... உங்களுக்கு?"

கடலில் எந்த அலைக்கும் அசராதவன், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வர வாணாங்க..." என்றான் மெதுவாக. "நாளைக்கி ஞாயித்துக்கெழம, கடலுக்குப் போவமாட்டேன். நானே கருங்குழிக்கு வரேன். உன்ன எனக்கு எவ்ளோ புடிக்கும்னு... உங்கம்மாகிட்டயே சொல்றேன்."