இன்னொரு போசித் தண்ணீர்

செல்வப்பிரியா அணையின் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வேலந்தாவளத்தில் மோட்டார்க் கடை வைத்திருப்பவள் அவள். எங்காவது பம்பு பார்க்கப் போவது தினப்படி வேலை. ஆனால் இந்தத் துறையில் மட்டும் இனி கால் வைப்பதில்லை என்று இருந்தாள். போன வருஷம் அவள் தம்பி கௌசிக்கின் உடலை இங்கேதான் கிடத்தியிருந்தார்கள்.

கூப்பிட்டவர் படகுக்காரர் பழனிச்சாமி. மூழ்கிய படகைத் தூக்கிப் புதுப் பலகை அடித்தாயிற்றாம். நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடப் போகிறதாம். ஆபத்துக்கு ஒரு பம்பு இருந்தால்தான் அதிகாரிகள் ஓட்ட விடுவார்களாம். அதனால் பழைய பம்புக்கு வாசர் மாற்றித் தர வேண்டுமாம். தம்பியைக் காவு வாங்கிய பம்புக்கு அக்காவே வந்து வாசர் போட வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அவள் வாசர் கொண்டுவரவில்லை. ஒரு கைப்பம்பைத் தூக்கி வந்திருந்தாள்.

அதைப் பார்த்ததும் பழனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனம்மிணி, எழுபதடிக் கெணத்தையே எறச்ச பம்பு இது. படகுல நிக்கற தண்ணியவா எறைக்காது?”

அன்றைக்கும் இதையேதான் சொன்னார் மனிதர். தோட்டத்து ஆயில் எஞ்சின் பம்பைக் கழற்றி வந்து படகில் முடுக்கியவர் அவர்தான். கிணற்றில் குழாயின் அடிமுனை ஆழத்தில் கிடக்கும். மேல்மூடியைத் திறந்து ஒரு போசித் தண்ணீர், ஒரு சின்னக் குண்டான் அளவு, ஊற்றினால் பம்பு பிடித்துக்கொள்ளும். ஆடுகிற படகில், கணுக்கால் தண்ணீரில், அது காற்றைத்தான் குடிக்கும். நடு அணையில் படகு ஓட்டையானபோது, அதை ஓட்டிப் போயிருந்த கௌசிக் பயணிகளுக்கெல்லாம் மிதவைச் சட்டை மாட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டான். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு இவரைக் கேட்டான். இன்னொரு போசி ஊத்துடா, எடுத்துக்கும், படகை மட்டும் உட்டுட்டு வந்துராதே என்றார் இவர். மிதந்துகொண்டிருந்தவர்கள் காதால் கேட்டது இது. அவனும் ஊற்றினான். மறுநாள் தூக்கியபோது போசி அவன் கையிலேயே இருந்தது.

“நடுத்தண்ணிக்குப் போயி ஓட்டிக் காட்டுங்க மாமா,” என்றாள் செல்வப்பிரியா. “தண்ணி எடுத்துச்சுன்னா நானே வாசர் போட்டுத் தர்றேனுங்க.”

வயிறு எரிந்தது அவளுக்கு. ஆனாலும் அந்த மரியாதை மட்டும் நாக்கை விட்டுப் போகமாட்டேன் என்றது. கைப்பம்பைப் படகின் ஓரத்தில் இறுக்கி, குழாயை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நடு அணையில் பழனிச்சாமி படகை நிறுத்தினார். காற்றும் நின்றுபோயிருந்தது. கரையில் விளக்கு எதுவும் இன்னும் எரியவில்லை. பாசியும் டீசலும் கலந்த வாடை ஒன்று மெல்ல எழுந்தது.

களக்... களக்...

யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

பழனிச்சாமி பம்பின் மூடியைத் தொட்டுப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

அவர் அவசரமாகப் பம்பு எஞ்சினின் கயிற்றைச் சுண்டினார். எஞ்சின் பிடித்தது. பம்பு வெறும் காற்றை இழுத்து இருமியது. செல்வப்பிரியாவின் பாதத்தில் ஜில்லென்று பட்டது. பலகையில் ஒரு விரிசல் இல்லை. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

களக்.

பாசி வாடை இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

“இன்னொரு போசி ஊத்தட்டுங்களா, மாமா?”

கிசுகிசுப்புதான். கௌசிக்கின் குரல்.

எஞ்சின் அணைந்தது. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. செல்வப்பிரியா கைப்பம்பின் பிடியை இரண்டு கையாலும் பற்றி அடிக்கத் தொடங்கினாள். முதல் அடியிலேயே தண்ணீர் பீறிட்டு வெளியே விழுந்தது. இவ்வளவுதான். இது ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் போதும். பயத்தைவிட அந்த ஆத்திரம்தான் அவள் கையை ஆட்டியது.

“இன்னொரு போசிங்களா, மாமா?”

பழனிச்சாமி முழங்கால் தண்ணீரில் மண்டிபோட்டிருந்தார். “வேண்டாண்டா சாமி. படகு போனாப் போகுது. நீ வந்துர்றா.”

“அதை அன்னைக்குச் சொல்லியிருக்கோணுமுங்க,” என்றாள் செல்வப்பிரியா. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

ஊற்றும் சத்தம் நின்றது.

தண்ணீர் வடிய வடியப் பலகை தெரிந்தது. பழனிச்சாமி பம்பின் போல்ட்டுகளைக் கழற்றினார். எழுபதடிக் கிணற்றை இறைத்த பம்பைத் தானே உருட்டி அணைக்குள் தள்ளினார். நாளைக்குப் பிள்ளைகள் வர வேண்டாம் என்று போனில் சொன்னார். செல்வப்பிரியாவுக்கு மனம் இளகவில்லை. எதற்கு இளக வேண்டும்?

தோள் விட்டுப்போனதால் அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

பிடி நிற்கவில்லை.

மேலே போய்க் கீழே வந்தது. நிதானமாக, பழகிய கை அடிப்பதுபோல. இறைக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத படகில் அது துறை வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தது. பழனிச்சாமி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“போதும் கௌசிக். கரை வந்துருச்சுடா,” என்றாள் அவள்.

பிடி நின்றது. பழனிச்சாமி முதலில் இறங்கி ஓடினார். அவள் அழுதுகொண்டே இறங்கி, தான் வந்த ஆட்டோவை நோக்கிக் கொஞ்ச தூரம் நடந்தாள்.

பின்னால், ஆளில்லாத படகில், பிடி மறுபடி அடிக்கத் தொடங்கியது.