நான்கு மாத்திரைகள் எங்கே போயின?

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர்; மாத்திரை எழுதிய டாக்டர்; நோயாளியின் அண்ணன்; வார்டு நர்ஸ்; ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன். ஆறாவதாக வந்த மருந்து ஆய்வாளர், யாரும் சொல்வதற்கு முன்பே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துறையில் அந்த அம்மாவுக்குத் 'தராசு' என்று பெயர்.

அவருக்குப் போன் செய்து வரவழைத்தவர் டெக்னீஷியன். ஐம்பத்தைந்து வயதிலும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுபவர், ஆகவே அவருக்குப் பெயர் 'அவசரம்'. நர்ஸின் கழுத்தில் கயிறு மாட்டியது தன் ரிப்போர்ட்தான் என்பது அவரை இரண்டு நாளாகச் சோறு தின்ன விடவில்லை.

"கை முறிஞ்சு ஆபரேஷன் ஆன பொண்ணு," என்று கண்காணிப்பாளர் ஆரம்பித்தார். "வலிக்குக் கோடீன் மாத்திரை, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. நாலாவது மாத்திரைக்கப்புறம் மூச்சு நிக்கப் பார்த்துச்சு. முறிவு ஊசி போட்டு மீட்டோம். ரத்தத்துல மார்ஃபின் இருக்கு. யாரும் மார்ஃபின் எழுதலை. அது இருக்கிற மருந்தறைச் சாவி இந்தம்மாகிட்ட. நாலு மணிக்குப் போலீஸ் வருது."

தட்டச்சு செய்த புகார்க் கடிதத்தை முன்னால் தள்ளினார். நர்ஸிடம் வாங்கிய சாவிக்கொத்து அதன் பக்கத்தில் கிடந்தது.

"என் தங்கச்சி இவங்ககூட ரெண்டு தடவை சண்டை போட்டிருக்கா," என்றார் அண்ணன்.

"தலைகாணி கேட்டாங்க, இல்லைன்னேன்," என்றாள் நர்ஸ். "ஒரு தலைகாணிக்கு யாராவது ஆளைக் கொல்லுவாங்களா சார்?"

தராசு கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்தார். பிறகு சாவியை எடுத்து நர்ஸிடம் நீட்டினார். "மருந்தறையைக் காட்டுங்க."

அவசரமும் பின்னாலேயே ஓடினார். மூவரும் உள்ளே நுழைந்ததும் நர்ஸ் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினாள். "ஆள் உள்ள இருந்தா பூட்டியே இருக்கணும். ரூல்."

மார்ஃபின் குப்பிகள் எண்ணிக்கை பிசகாமல் இருந்தன. ஒரு முத்திரைகூட உடையவில்லை.

"வெளியிலேருந்து கொண்டு வந்திருக்கலாமே மேடம்," என்றார் அவசரம்.

"அண்ணே, நீங்க யார் பக்கம்?"

தராசு கையை நீட்டினார்.

"உங்க ரிப்போர்ட்டைக் குடுங்க. மார்ஃபின் அதிகம். சரி. ரெண்டாவது வரியில என்ன இருக்கு?"

அவசரம் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டார். அன்றைக்கு முதல் வரியைப் படித்ததுமே அவர் கண்காணிப்பாளர் அறைக்கு ஓடியிருந்தார். "கோடீன்... துளி."

"நாலு மாத்திரை உள்ள போயிருக்கு. கடைசி மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துல எடுத்த ரத்தம். மாத்திரையெல்லாம் எங்கண்ணே போச்சு?"

அவசரம் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மீண்டும் கண்காணிப்பாளர் அறைக்கு வந்ததும், தராசு அண்ணனிடம் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார். "உங்க வீட்டுல யாருக்காவது இருமல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மருந்து குடிக்கவே விடமாட்டோம். எங்கப்பா ஒரு மூடி குடிச்சுட்டு, சம்பந்தி பேசிக்கிட்டிருக்கும்போதே குறட்டை விட்டாரு. அந்தச் சம்பந்தம் அத்தோட முறிஞ்சுது."

"பழைய இருமல் மருந்துல கோடீன்தான் இருக்கும்," என்றார் தராசு. "கோடீன் தானா வலியைக் குறைக்காது. கல்லீரல்ல ஒரு நொதி அதுல கொஞ்சத்தை மார்ஃபினா மாத்தும். அதனாலதான் வலி அடங்குது. அந்த நொதியை உண்டாக்கச் சொல்ற மரபணு சிலர்கிட்ட கூடுதல் பிரதியா இருக்கும். அப்பாகிட்டேருந்து பிள்ளைக்கும் வரும். எல்லார் ஈரலும் சொட்டுச் சொட்டா மாத்துறதை, இவங்க ஈரல் குடம் குடமா மாத்திடும். நர்ஸ் மார்ஃபின் போட்டிருந்தா, மாத்திரையோட கோடீனும் கூடவே நிறைய இருந்திருக்கணும். அது இல்லை. மார்ஃபினை உண்டாக்கினது அந்தப் பொண்ணோட உடம்பு. ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்புங்க, நான் சொன்னதே கையெழுத்தோட வரும்."

டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாது மேடம். ஃபைல்ல எச்சரிக்கை எதுவும் இல்லை."

"அப்போ யார் மேலயும் தப்பில்லை," என்றார் கண்காணிப்பாளர், சற்று வேகமாக. "இயற்கைன்னு முடிச்சுக்கலாம்."

"முடிச்சிருக்கலாம். நீங்க இந்தக் கடிதத்தை எழுதாம இருந்திருந்தா." தராசு ஒரு வரியில் விரலை வைத்தார். "'இரண்டாவது முறையாக இங்கே அனுமதிக்கப்பட்ட நோயாளி.' டாக்டர், ஃபைல்ல முதல் முறை இருக்கா?"

"இல்லையே. இது ஒண்ணுதான்."

"அண்ணன் சொன்னாரா?"

"எனக்கே தெரியாதுங்க," என்றார் அண்ணன். "நான் பத்து வருஷம் கப்பல்ல இருந்தவன்."

அப்போதுதான் அவசரத்துக்கு உறைத்தது.

"மேடம், ஃபைல் அட்டை," என்றார். "அஞ்சு வருஷம் தாண்டின தாளை இங்க கழிச்சிடுவாங்க. முக்கியமானதைச் சிவப்பு மையில அட்டை மேல எழுதி வைப்பாங்க. போன மாசம் ஆய்வுக் குழு வருதுன்னு அத்தனை ஃபைலுக்கும் புது அட்டை போடச் சொன்னாங்க. சிவப்பு எழுத்தை அதுல மாத்தி எழுதணும்னு சொல்லலை."

"யார் சொன்னாங்க?"

அவசரம் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார். எல்லோரும் அதே பக்கம் பார்த்தார்கள்.

"அந்தப் பழைய அட்டையை நீங்க பார்த்திருக்கீங்க," என்றார் தராசு கண்காணிப்பாளரிடம். "முதல் முறை வந்தது அதுல மட்டும்தான் இருக்கும். அதைப் படிச்சுட்டுத்தான் கடிதம் எழுதினீங்க. போலீஸ் வந்து தேடட்டுமா, நீங்களே எடுக்குறீங்களா?"

கண்காணிப்பாளர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். ஓரம் நைந்த அட்டை. ஒன்பது வருடத்துக்கு முந்தைய சிவப்பு மை: 'பல் அறுவை. கோடீனுக்குப் பின் ஒரு நாள் முழுதும் எழவில்லை. இனிக் கொடுக்கக் கூடாது.'

"குப்பையிலதான் கிடந்துச்சு," என்றார் அவர். "எரிக்க மனசு வரலை."

"இந்த நர்ஸை ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் மனசு வந்துச்சா?" என்றார் அண்ணன்.

தராசு புகார்க் கடிதத்தையும் அட்டையையும் தன் பைக்குள் வைத்தார். போலீஸ் நாலு மணிக்கு வரட்டும், கொடுக்க வேறு விஷயம் இருக்கிறது என்றார்.

வார்டிலிருந்து மணி அடித்தது. அந்தப் பெண்தான். பழி விழுந்ததிலிருந்து யாரும் பயந்துகொண்டு அவளுக்கு வலி மருந்தே கொடுக்கவில்லை. டாக்டர் வேறொரு மருந்தை எழுதினார். எழுதிய பெயரை இரண்டு முறை சரிபார்த்தார்.

நர்ஸிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவசரம் அவள் பின்னால் மருந்தறை வரை போனார்.

"அம்மா, நான் அந்த ரெண்டாவது வரியை..."

"நகருங்க அண்ணே. ஆள் வலியில கிடக்கா."

கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது.