எடை மாறும் வேம்புலியம்மாள்

வெள்ளானூர் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறையில் அன்று காலை நான்கு பேர் இருந்தார்கள். மேசையின் தலைப்பக்கம் ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டர் குணசேகரன். அவருக்கு வலப்பக்கம், ஆவடி தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றுத் துப்பறியும் மங்களம். அடுத்து அவருடைய உதவியாளன் நிர்மல். கதவோரத்து நாற்காலியின் நுனியில் தலைமை நர்ஸ் கனிமொழி.

"வேம்புலியம்மாள்னு ஒரு நோயாளி மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல இருக்காங்க. நேர்ல யாரும் பார்த்ததில்லை," என்றார் டாக்டர். "பதிவு பண்ணது கனிமொழி. கேட்டா வாயே திறக்கலை. சாயந்திரத்துக்குள்ள விளக்கம் வரலைன்னா வேலையை விட்டு அனுப்பிடுவேன்."

"மருந்து திருட்டு மேடம்!" நிர்மல் துள்ளினான். "இல்லாத ஆளு பேர்ல வாங்கி வெளியே வித்துருக்காங்க."

"மருந்தகத்துல கேட்டுட்டு வா," என்றார் மங்களம்.

போன வேகத்தில் திரும்பினான். முகம் தொங்கியிருந்தது. "ஒரு மாத்திரைகூட அந்தப் பேர்ல போகலை."

மங்களம் கணினித் திரையையும் அவசரப் பிரிவின் நோட்டையும் அருகருகே வைத்து அரை மணி நேரம் படித்தார்.

"இந்தம்மா நேத்து காலை ஒன்பது மணிக்கு நாலு கிலோ. பத்தேகாலுக்கு எழுபது. மத்தியானம் பதினோரு கிலோ."

"இன்னா டயட்டு மேடம் இது!"

"சும்மா இரு. எடையை மாத்தினதும் ஒரு மருந்தோட பேர் போடறாங்க. உடனே எவ்வளவு குடுக்கணும்னு அளவு வருது. மூடிடறாங்க. ஒன்பது மணிக்கு யார் வந்தது, நோட்டைப் பாரு."

நிர்மல் படித்தான். "நாலு கிலோ குழந்தை. வலிப்பு."

"மருந்துக்காக இல்லை டாக்டர். பதிலுக்காகத்தான் இந்த நோயாளி."

கனிமொழி எழுந்தே விட்டாள். "இன்னா சார் பண்றது? புள்ள துடிச்சிகினு வருது. மிஷினு பேரு கேக்குது, போன் நம்பர் கேக்குது. அதெல்லாம் குடுத்தாத்தான் டோஸ் காட்டும். அதான் ரெடியா ஒரு ஆளை வச்சிக்கினோம். நான் சொன்னா, அந்தப் பேரைத் தொட்ட எல்லாரும் மாட்டுவாங்க."

மங்களம் வேம்புலியம்மாள் பதிவின் குறிப்புப் பகுதியைத் திறந்தார். எந்த ஊசியோடு எதைக் கலக்கக் கூடாது, பாம்புக்கடி மருந்து எங்கே இருப்பு, விடியற்காலையில் போன் எடுக்கும் ரத்த வங்கி எது? ஆஸ்பத்திரி ஊழியர்கள் பத்தொன்பது பேர் கேட்டு, அந்தப் பத்தொன்பது பேரே பதிலும் எழுதிய பதினோராயிரம் வரிகள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் ஆய்வறிக்கை படிச்சவ நான். இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை," என்றார் மங்களம் மெல்ல. "பொய்ப் பேர் ஆபத்து, அதை நிறுத்தணும். ஆனா கேள்வி ஒவ்வொண்ணும் நிஜம்."

மதியத்துக்குள் அம்பத்தூரில் உள்ள மென்பொருள் நிறுவனத்துக்குக் கடிதம் தயாரானது: பெயர் கேட்காமல் அளவு காட்டும் பக்கம் ஒன்று வேண்டும், கேள்விகள் இணைப்பில். கனிமொழி உறையை ஒட்டி, டாக்டரின் முத்திரையைத் தேடினாள்.

"அனுப்புநர் இடத்துல உன் பேரை எழுதும்மா," என்றார் டாக்டர். "தலைமை நர்ஸ்னும் சேர்த்து."

எழுதினாள். நிர்மல் அதை வாங்கிக்கொண்டு அம்பத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.