நான்காவது பல்பு

காக்ஸ் டவுனில் அந்த வாடகைக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 1999 ஜூன் மாதம், தூறலும் வெயிலும் மாறி மாறி வந்த ஒரு சனிக்கிழமை காலையில், ஜெயராஜும் அவன் மனைவி மௌரீனும் ஒரு டெம்போ நிறையச் சாமான்களோடு அங்கே வந்து இறங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஓட்டு வீடு. உயரமான கூரை, சிவப்பு சிமெண்டுத் தரை, பேசினால் லேசாகத் திரும்பிக் கேட்கும் ஒரு பெரிய கூடம். கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டுக்கே உரிய ஈரவாடை வந்தது. அதற்கு அடியில், தொண்டை கட்டினால் ஆவி பிடிப்போமே, அந்த யூகலிப்டஸ் தைலத்தின் வாசனையும் இருந்தது.

"பன்னி சார், பன்னி," என்று கன்னடத்தில் வரவேற்றார் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பா. அடுத்த தெருவில் குடியிருப்பவர். கன்னடக்காரர்தான், தமிழும் தண்ணீர் பட்ட பாடு. "முந்தி இங்க ஒரு பாட்டு டீச்சரம்மா இருந்தாங்க. ஒண்டிக்கட்டை. பொழுதன்னிக்கும் பாட்டுதான். கடைசியில தொண்டையில கட்டி வந்து ஆபரேஷன் ஆச்சு, குரலே போயிடுச்சு. பாவம், அப்புறம் ஒரு வருஷம் இருந்தாங்க, அஷ்டே, அவ்வளவுதான்."

மௌரீன் அப்போது சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த மூளைக் காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டசைவைப் படித்துக்கொள்வாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாததால் கிசுகிசுப்பாகவே பதில் சொல்வாள். வீட்டுக்காரர் சொன்ன கதையை ஜெயராஜ் அவளிடம் சொல்லவில்லை. குடிவந்த அன்றைக்கே செத்தவர் கதை எதற்கு என்று விட்டுவிட்டான்.

காது போவதற்கு முன் மௌரீன் சர்ச் பாடகர் குழுவில் பாடியவள். பெண்களில் கீழ்க்குரல் வரிசை அவளுடையது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடவில்லை. மௌரீன் மறுபடியும் பாட வேண்டும், அந்த ஒரு ஆசையைத் தவிர ஜெயராஜுக்கு வேறு எதுவும் இல்லை.

அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

எம்.ஜி. ரோடு பக்கம் ஓர் ஆபீசில் புரோகிராம் எழுதுகிறவன் அவன். அங்கே எல்லாரும் இரண்டாயிரமாவது வருடத்துக்காகத் தேதிகளைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வந்ததும் எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகங்களாக வாங்கி மாட்டிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் சொந்த வேலையைத் தொடங்குவான். மைக்கில் விழும் பாட்டை அந்த நொடியிலேயே எட்டுச் சுருதிகளாகப் பிரித்து எட்டு பல்புகளுக்கு அனுப்பும் ஒரு புரோகிராம். இடது கோடியில் தடித்த குரல், வலது கோடியில் கீச்சுக் குரல். சத்தம் கூடினால் வெளிச்சம் கூடும், குறைந்தால் குறையும். பல்புப் பலகையைச் செய்து கொடுத்தவர் மர்பி டவுன் அப்பாதுரை. சர்ச் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் சீரியல் செட் போடுகிறவர்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. யாரும் பாடாதபோதும் தெருவில் போகிற ஆட்டோவுக்கும் பக்கத்து வீட்டு மோட்டாருக்கும் பல்புகள் மினுக்கிக்கொண்டே இருந்தன. ஜெயராஜ் அதற்கும் ஒரு வழி கண்டான். வெறும் கூடத்தின் சத்தத்தை ஒரு நிமிடம் மைக் கேட்கட்டும். 'இதுதான் அமைதி, இதைக் கணக்கில் எடுக்காதே' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் புதிதாக வரும் சத்தத்துக்கு மட்டும் பல்பு எரியும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினான். அவனுக்கு அன்று சரியான இருமல். "நான் வெளிய போறேன். நீ பட்டனை அமுக்கிட்டு ஒரு நிமிஷம் அசையாம உட்காரு," என்றான்.

"சும்மா உட்காருறதுல என்னை அடிச்சுக்க ஆள் ஏது?" என்று கிசுகிசுத்தாள் மௌரீன்.

வேலை பலித்தது. சும்மா இருந்தால் எட்டும் இருட்டு. கேசட்டைப் போட்டால் பலகை முழுக்க ஆட்டம். மௌரீன் தயங்கித் தயங்கி ஒரு வரி பாடினாள். நான்காவது பல்பு குண்டாக எரிந்தது. சுருதி நழுவினால் வெளிச்சமும் பக்கத்துக்கு நழுவியது, அவள் அதைப் பார்த்துப் பார்த்து இழுத்து நிறுத்தினாள். நான்காவது பல்பு அவளுடையது என்று இருவரும் அன்றே முடிவு செய்தார்கள். அவள் அழுதாள், அவனும் அழுதான்.

அந்தக் கிறிஸ்மஸுக்கு கேரல் பாட்டில் அவளுக்கும் இடம் கிடைத்தது.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, சர்ச்சில் ஒத்திகை. மூன்று மணிக்கே ஜெயராஜும் அப்பாதுரையும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மௌரீன் பின்னால் ஆட்டோவில் வருவதாக ஏற்பாடு. காலி பெஞ்சுகள், மெழுகு வாசனை, ஈ பறந்தால் கேட்கும் அமைதி. ஸ்விட்சைப் போட்டார்கள்.

ஐந்தாவது பல்பு எரிந்தது.

"யாரும் பாடலையே சார்," என்றார் அப்பாதுரை. பல்பைக் கழற்றி வேறு மாட்டினார், எரிந்தது. வயரை மாற்றினார், அப்போதும் எரிந்தது. ஜெயராஜ் புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் படித்தான். தப்பு அகப்பட்டது, அவனுடைய தப்புதான். அமைதியைவிடச் சத்தம் கூடினால் எரி என்று எழுதுவதற்குப் பதிலாக, அமைதியிலிருந்து வித்தியாசப்பட்டால் எரி என்று எழுதியிருந்தான். கூடினாலும் எரியும், குறைந்தாலும் எரியும்.

அப்படியென்றால், அன்று கூடத்தில் இருந்த ஏதோ ஒரு சத்தம் இங்கே இல்லை. அதைத்தான் பல்பு சொல்கிறது. பெண் குரலின் உயரத்தில் ஒரு சத்தம்.

ஃபேன் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. பிறகு எது? தெருமுனை டிரான்ஸ்பார்மராக இருக்கும் என்று தேற்றிக்கொண்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நமக்கென்ன, எரிகிற பல்புதானே என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது மௌரீன் உள்ளே வந்தாள்.

அவள் நடுவழியில் நடந்து வர வர, ஐந்தாவது பல்பு மங்கியது. முதல் பெஞ்சில் உட்கார்ந்ததும் அணைந்தது.

"சரியாப் போச்சு சார்," என்றார் அப்பாதுரை.

ஜெயராஜ் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பாட்டுப் புத்தகத்தை ஆட்டோவில் விட்டாயா பார் என்று பொய் சொல்லி அவளை வாசலுக்கு அனுப்பினான். பல்பு எரிந்தது. திரும்பி வந்தாள், அணைந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு இன்னொரு முறை அனுப்பினான்.

எரிந்தது.

அணைந்தது.

அன்று கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது மௌரீன் மட்டுமில்லை. அவளோடு இருந்த ஒன்று அந்த ஒரு நிமிடமும் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் அவன் அமைதி என்று கணக்கு எழுதியிருக்கிறான். அது இங்கேயும் வந்திருக்கிறது, அவள் கூடவே, ஆட்டோவில்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு நிமிடப் பதிவை எடுத்துப் போட்டுக் கேட்டான். காதுக்கு ஒன்றுமே இல்லை. எண்களைப் பார்த்தான். ஐந்தாவது வரிசை மட்டும் ஏறி நின்றது. ஐந்து நொடி நீடித்து ஒரு நொடி விழுந்தது. மறுபடி ஆறு நொடி நீடித்து ஒரு நொடி விழுந்தது.

டிரான்ஸ்பார்மர் மூச்சு வாங்காது.

மௌரீன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கொஞ்ச நாளாகவே அவள் அப்படித்தான் உட்காருகிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. எதிரே போய் நின்றான்.

"மௌரீன், உனக்கு ஏதாவது கேக்குதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை நின்றுவிட்டது.

"இங்க வந்த மூணாம் நாள்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்க. மாத்திரை குடுப்பாரு. அதுவும் நின்னு போயிடும்."

"யாரு அது?"

"பேரு தெரியாது ஜெய். நல்லாப் பாடுவாங்க. தொண்டையில வெட்டினதிலேர்ந்து யாருக்கும் கேக்கலையாம். எனக்கு மட்டும்தான் கேக்குதாம்."

தொண்டைக் கதையை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. கூடத்தில் தைல வாசனை திடீரென்று கனத்து வந்தது.

"நாளைக்கே வீட்டைக் காலி பண்ணிடலாம்," என்றான்.

"கிறிஸ்மஸ் முடியட்டும். சர்ச்ல ஒரே ஒரு பாட்டு பாடணும்னு கேக்குறாங்க. அவங்களுக்கு வாய் இல்ல, எனக்குக் காது இல்ல. கொஞ்சம் குடுத்து வாங்கினா என்ன?" அவள் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷத்துல என் காதுல விழுந்த ஒரே குரலு அது. ஒரே பாட்டு. அப்புறம் நீங்க சொல்ற வீட்டுக்கு வர்றேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் மறுபடியும் பாட வேண்டும் என்று ஆறு மாதம் கண்விழித்தவன் அவன்தானே. தலையாட்டினான். புரோகிராமில் இருந்த தப்பையும் அவன் திருத்தவில்லை. அது இருந்தால்தான் அந்தப் பொம்பளை எங்கே நிற்கிறாள் என்பதாவது தெரியும்.

டிசம்பர் இருபத்து மூன்று, சாயங்காலம். சர்ச் நிறைந்து வழிந்தது. பல்புப் பலகையை மௌரீனுக்கு நேர் எதிரே வைத்திருந்தார்கள். குழு பாடியபோது எட்டும் குதித்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் நிறுத்தினார்கள். மௌரீன் தனியாகப் பாட வேண்டிய இடம் வந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

பலகை இருண்டது.

எட்டு பல்பும்.

குரல் மட்டும் எழுந்து கூரை வரை போயிற்று. உயர்ந்த, மெல்லிய, இருபது வருடம் பழக்கிய குரல். ஒரு சுருதி பிசகவில்லை. முன் வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பாதுரை குனிந்து வயர்களைத் தடவினார். "கரெண்ட்டு இருக்கு சார். எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று கிசுகிசுத்தார். "சிஸ்டர் பாடுறது பெட்டிக்கு மட்டும் கேக்கலையா?"

பெட்டிக்கு நன்றாகக் கேட்டது. இந்தக் குரலைத்தான் அமைதி என்று அவன் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஒரே பாட்டு, முடிந்துவிட்டது என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். ஆட்டோவில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலைமுடியில் தைல வாசனை அடித்தது.

மறுநாள் காலை, மௌரீன் சமையலறையில் கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து முணுமுணுப்பாக ஒரு பாட்டு வந்துகொண்டே இருந்தது. ஜெயராஜ் கூடத்தில் பெட்டியைக் கடைசியாக ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுப் பிரித்துவிடலாம் என்று ஸ்விட்சைத் தட்டினான். சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி, "இந்த ஸ்க்ரூ டிரைவரை எங்க வச்சேன்," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டான்.

"ஷெல்ஃப் மேல இருக்கு பாருங்க," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

கிசுகிசுப்பில்லை. அளவான, தெளிவான குரல்.

ஒரு நொடி, ஒரே நொடி, அவனுக்கு சந்தோஷம் பொங்கியது. காது வந்துவிட்டது. ஆண்டவர் கண் திறந்துவிட்டார்.

பிறகு பலகையைப் பார்த்தான்.

ஐந்தாவது பல்பு இருட்டாக இருந்தது. நான்காவது எரிந்துகொண்டிருந்தது.

மெல்ல ஏறியது. நின்றது. ஒரு நொடி மங்கியது. மூச்சு வாங்குகிற அளவுக்கு. மறுபடி ஏறியது. கேரல் பாட்டின் கீழ்க்குரல் வரிசை. அந்த வரிசையை அவன் மூன்று மாதம் இதே பல்பில் பார்த்திருக்கிறான். மைக் மௌரீன் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. அவன் தவழ்ந்து போய் அதன் கைப்பிடியில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு உற்றுக் கேட்டும் ஒன்றுமே கேட்கவில்லை.

காலி நாற்காலிக்கு எதிரே மண்டியிட்டான். அவளிடம் எப்போதும் பேசுவது போல, முகத்தை நேரே வைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தான்.

"மௌரீன், நீயா?"

பல்பு அணைந்தது.

பிறகு ஒரே ஒரு தடவை, கண் கூசும்படி எரிந்தது.

சமையலறையில் முணுமுணுப்பு நின்றது. கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னும் எதுக்குங்க அந்தப் பெட்டி?" என்றது குரல், அன்பாக. "ஆஃப் பண்ணிடுங்க. எனக்குத்தான் இப்ப நல்லாக் கேக்குதே."

சிமெண்டுத் தரையில் வெறுங்கால் நடந்து வந்தது. ஐந்தாவது பல்பு லேசாகச் சிவந்து, முணுமுணுப்பு மறுபடி தொடங்கியதும் இருண்டது. நான்காவது பல்பு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது.