வள்ளித்தாய் படிக்கிறாள்

“வந்துதான் ஆவணும்…”

“வரமாட்டேன்னு எத்தனை தடவை…”

“நான் சொல்லி முடிச்சிக்கிடுதேன், இடையில…”

“நீங்க என்னத்தைச் சொல்லி முடிச்சாலும் அருவிக்கு நான் வரமாட்டேன்.”

மந்திரமூர்த்தியும் அவர் மனைவி குருவம்மாளும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டிருக்க, மேஜைமேல் இருந்த கிராமபோன் பெட்டி தன் பாட்டுக்கு நாடகம் பேசிக்கொண்டிருந்தது. வெளியே சாரல். தென்காசித் தெருவே நனைந்த சாக்கு மாதிரி நாறியது.

“ஏளா, குத்தாலத்துத் தண்ணி தலையில விழுந்து தெளியாத சீக்கு உண்டா? பைத்தியத்தையே சங்கிலியோட கூட்டியாந்து நிப்பாட்டுதான். உனக்கு வெறும் கண்ணுதான?”

“உங்களுக்கு அது வெறும் கண்ணு. என் தங்கச்சி வள்ளியையும் இப்படித்தான கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனீக?”

அவர் குரல் தணிந்தது. கோபம் ஏற ஏறக் குரல் தணிகிற மனுஷர். அதுதான் அவளுக்குப் பயம்.

“பாசியில வழுக்குனா நான் என்ன செய்ய?”

குருவம்மாள் நாக்கு அவளைக் கேளாமலே புரண்டது. “சரி. இந்தக் கதை முடியட்டும். முடிஞ்சதும் வருதேன்.”

“இன்னும் எத்தனை பிளேட்டு?”

“ரெண்டு.”

“முடியட்டும். நான் தலைக்கு எண்ணெய் வாங்கிட்டு வண்டியும் புடிச்சிட்டு வருதேன்.” கதவு சாத்திக்கொண்டது. செருப்பு, சேற்றில் சப்சப்பென்று தேய்ந்து மறைந்தது.

குருவம்மாளுக்கு அம்மை வார்த்துக் கண் போனது கல்யாணமான இரண்டாம் வருஷம். கண்ணில்லாதவளை வைத்துக்கொண்டு அவர் குடும்பம் நடத்துவாரா, இன்னொருத்தியைக் கட்டுவார் என்று ஊரே பேசியது. வருகிறவள் வெளியாளாக இருந்தால் தனக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊற்றமாட்டாள் என்று குருவம்மாளேதான் தங்கையை அவருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்டாள். மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். “என்னைய விட்ருக்கா. நான் வாத்திச்சியாப் போறேன்க்கா.” பெண் பிள்ளை அழத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். குருவம்மாளும் சொன்னாள்; கல்யாணத்தை முடித்துவைத்தாள்.

வந்தவள் குறை வைக்கவில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கதைப் புஸ்தகம் படித்துக் காட்டுவாள். விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டுவாள். ஆம்பிளைப் பேச்சுக்கு ஒரு குரல், கிழவிப் பேச்சுக்கு ஒரு குரல். நடுவில் தன் பேச்சும் உண்டு: “இவன் சரியான கோட்டிக்காரன்க்கா, பொண்டாட்டி சொல்லுததைக் கேட்டா என்ன குறைஞ்சா போவான்?” கண் போனபின் குருவம்மாள் பார்த்த உலகமெல்லாம் அந்தக் குரலுக்குள்தான்.

போன வருஷச் சாரலில் அருவிக்குப் போனவள் திரும்பவில்லை. அருவி விழுகிற பொங்குமாங்கடல் பள்ளத்தில் விழுந்தவளின் உடம்பு கிடைக்கவே இல்லை. காரியம் முடிந்த கையோடு மந்திரமூர்த்தி பெட்டி வாங்கிவந்தார். முழு நாடகத்தையும் பேசிப் பதித்த பிளேட்டுகள். எது முதல், எது இரண்டு என்று விரலுக்குத் தெரிய, நடுக்காகிதத்தில் புளியமுத்துகளை ஒட்டிக்கொண்டாள். ‘கண்ணில்லாதவளுக்கு இப்படியும் ஒரு புருஷனா’ என்று தெரு உருகியது. அந்தப் புகழ்ச்சி அவள் காதில் விழும்போதெல்லாம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கும்.

கடைசிக்கு முந்தைய பிளேட்டை வைத்து, சாவி முறுக்கி, ஊசியை இறக்கினாள். மாமியார்க்காரி மருமகளை ஏசுகிற இடம். எத்தனையோ தடவை கேட்டது. மாமியார் மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஒரு சின்னச் சத்தம் வந்தது.

தாள் புரளும் சத்தம்.

ஊசி தேய்ந்திருக்கும் என்று புது ஊசி மாட்டினாள். மறுபடி முதலிலிருந்து வைத்தாள். மாமியார் ஏசினாள், மூச்சு வாங்கினாள். ஈர விரல் காகிதத்தில் பட்டு இழுபட, தாள் புரண்டது. வளையல் ஒன்று லேசாக மோதியது. குருவம்மாள் ஊசியைத் தூக்கிப் பெட்டியை நிறுத்தினாள்.

“குருவம்மா அக்கா!” பின்வாசலில் ஜாஹிரா பீவி. பக்கத்து வீட்டுக்காரி, சீசனுக்குக் குற்றாலத்தில் பழக்கடை போடுகிற கிதிர் முகம்மதுவின் மனைவி. மங்குஸ்தான் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. “அடிபட்ட பழம் நாலு இருந்துச்சு. அவரு கண்ணுல படாம எடுத்தாந்தேன். கணக்குக் கேட்டா நீங்கதான் சாட்சி.”

“கண்ணில்லாத சாட்சியா?” என்றாள் குருவம்மாள். இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் வற்றியது.

“அக்கா, ஒண்ணு சொன்னா மனசுல வச்சிக்கிடாதீக. பாவூர்சத்திரத்துல உங்க வீட்டு அண்ணாச்சிக்குப் பொண்ணு பேசுதாகளாம். வீட்டுல மூத்தவ இருக்கையில குடுக்கமாட்டோம்னு அவுக சொல்லிட்டாகளாம்.”

குருவம்மாள் பழம் ஒன்றைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஜாஹிரா, என்னைய அருவிக்குக் கூட்டிட்டுப் போறேங்காரு.”

“இந்த வெள்ளத்துலயா?” ஜாஹிரா அவள் கையைப் பிடித்தாள். “எங்க வீட்டுக்கு வந்துருங்க. இப்பவே. பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு ஓடியாந்து கூட்டிட்டுப் போறேன்.” வாசற்படியில் நின்று திரும்பினாள். “ஆமா, யாரு விருந்தாளி வந்திருக்கா?”

“யாரும் வரலியே.”

“இப்ப நான் படியேறும்போது பொம்பளைக் குரல்ல யாரோ புஸ்தகம் வாசிச்சாகளே. நாடகத்துக் குரல் இல்லக்கா, அது எனக்குத் தெரியும். இது பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிக்க மாதிரி…” சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அவள் படியேறியபோது பெட்டி ஓடாமல்தான் இருந்தது.

குருவம்மாள் கடைசிப் பிளேட்டைத் தடவி எடுத்தாள். வைக்காமல் விட்டால் கதை முடியாது. கதை முடியாதவரை அருவி இல்லை. ஆனால் பெட்டி சும்மா இருக்கும் வீட்டின் மௌனம், ஈரச் சுவரின் வாசனையோடு நாலு பக்கமும் இருந்து நெருங்கி வந்து, முகத்துக்கு நேரே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. வைத்தாள். கதை முடியுமுன் நின்றுவிடும்படி பாதி முறுக்கு முறுக்கினாள். பேச்சுக் கேட்டால் போதும்.

ராஜா பேசினான். ராணி அழுதாள். பெட்டியின் சுருள்வில் தளர்ந்தது. எப்போதும் நடக்கிறதுதான்: ராணியின் குரல் இழுபட்டு, தடித்து, ஆண் குரலாகி, மாடு கத்துகிற மாதிரி கீழே இறங்கியது. அதன் நடுவில் இன்னொரு குரல். அது இறங்கவில்லை. தெளிவாக, நிதானமாக, மத்தியானத்துக்கே உரிய சோம்பலோடு படித்துக்கொண்டிருந்தது.

“அக்காள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழம் இருந்தது.”

மடியில் பழம் இருந்தது.

குருவம்மாள் ஊசியைத் தூக்கினாள். தட்டை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினாள்.

“அக்காள் தட்டை நிறுத்தினாள்,” என்றது குரல். தாள் புரண்டது.

“வள்ளி?”

“தங்கையின் கையை அவர் பிடித்திருந்தார். கூட்டம் இல்லாத நேரம். பாறையின் விளிம்புக்குப் போனதும் கையை விட்டார். அவள் விழவில்லை. அதனால் முதுகில் கை வைத்தார்.”

குருவம்மாள் எழுந்தாள். ஜாஹிரா வருவாள். பிள்ளை தூங்கியதும் வருவாள். கதவு எந்தப் பக்கம்? இத்தனை வருஷம் புழங்கிய வீட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

“அவர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வந்து வெகுநேரம் ஆயிற்று. அக்காளுக்குத் தெரியாது.”

குருவம்மாள் மூச்சைப் பிடித்தாள்.

மழை. வேறு சத்தம் இல்லை. பிறகு, அவளுக்குப் பின்னால், நல்லெண்ணெய் வாசனை.

“யாரு?”

வாசனை இன்னும் நெருங்கியது.

“அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு அக்காளின் பின்னால் நின்றார்,” என்றது குரல். நிறுத்தியது. விரல் நாக்கைத் தொட்டது. தாள் புரண்டது. “அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.”

கிண்ணம் விழுந்து உருண்டது. எண்ணெய் அவள் பாதத்தில் வழிந்தது. மந்திரமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது. தொண்டை நிறையத் தண்ணீரோடு ஒரு மனுஷன் மூச்சுக்குத் திணறுகிற சத்தம், ஓடு வேய்ந்த வீட்டுக்குள், காய்ந்த தரையில். குதிகால்கள் தரையை அடித்தன. அவர் கை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது. இழுத்தது. விட்டது.

அருவி வாசனை. பாசி, அழுகிய இலை, குளிர்ந்த கல்.

பாதத்தில் இப்போது எண்ணெய் இல்லை. தண்ணீர். கணுக்கால் வரை.

அவள் அழவில்லை. நெஞ்சுக்குள் வெகுநாள் கிடந்த கசப்பு ஒன்று இளகியது போலக்கூட இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள். தங்கை வந்து காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாள்.

கதை முடியவில்லை.

தாள் புரண்டது. காதுக்கு மிக அருகில். ஈர முடி ஒன்று அவள் கன்னத்தில் ஒட்டியது.

“பிறகு நான் அக்காள் பக்கம் திரும்பினேன்.”

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. குளிர்ந்த கை ஒன்று அவள் உச்சியில் உட்கார்ந்தது. குளிப்பாட்டுகிறவள் கை போல. மெதுவாக. கீழ்நோக்கி.

“வள்ளி,” என்றாள் குருவம்மாள், “நான் உனக்கு என்னட்டி செஞ்சேன்?”